சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு சிவப்புக் கோடு

அன்பு மகளுக்கு,

ஐந்தாம் வகுப்பு முடித்து மாற்றுச் சான்றிதழ் வாங்க நீ என் மேசைக்கு எதிரே வந்து நின்றாய். நான் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அதைத் தலைகீழாகவே படித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாய். “எம் பேரு ஏன் ரெண்டு எடத்துல இருக்கு? ஒண்ணுல ஏன் செவப்புக் கோடு?” மை காயட்டும், தொடாதே என்று சொன்னேன். அது பதில் இல்லை என்று உனக்குத் தெரியும். நீ திருப்பிக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மை காய்வதற்குப் பன்னிரண்டு வருடம் எடுத்துக்கொண்டேன்.

வருகிற திங்கட்கிழமை அலங்காநல்லூருக்கு அப்பால் ஓர் ஊரில் நீ வேலையில் சேரப் போகிறாய். ஓராசிரியர் பள்ளி. தலைமை ஆசிரியர், உதவி ஆசிரியர், மணி அடிப்பவர், கூட்டிப் பெருக்குபவர் எல்லாம் நீயே. ஆசிரியர் கூட்டம் நடத்த வேண்டுமென்றால் கண்ணாடி முன்னால் நின்றுகொள்ளலாம், தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறும். உன் அம்மா மூன்று நாளாகப் பெட்டி கட்டுகிறாள். எலுமிச்சை ஊறுகாயை எங்கே வைத்தால் உன் நியமன ஆணையில் எண்ணெய் படாது என்பதுதான் இப்போது வீட்டில் பெரிய விவாதம். அன்றைக்குக் கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் சேர்க்கைப் பதிவேடு உன் கைக்கு வரும். அதில் முதல் பெயரை நீ எழுதுவதற்கு முன்னால் அந்தச் சிவப்புக் கோட்டின் கதையைச் சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நேரில் சொல்லியிருக்கலாம். நேரில் என்றால் நீ நடுவில் சிரிப்பாய், நான் பாதியில் நிறுத்திவிடுவேன்.

தலைமை ஆசிரியராக நான் பள்ளியை எப்படி நடத்தினேன் என்று ஊரில் கேட்டால் நன்றாக நடத்தினார் என்பார்கள். உள்ளே இருந்தவனுக்குத்தான் தெரியும், அது பெரும்பாலும் தானாகவே நடந்தது. வைகையின் வடகரையில் ஓட்டுக் கூரை போட்ட ஒரே ஒரு நீளக் கூடம். அதில் மூங்கில் தட்டி வைத்து ஐந்து வகுப்பு. மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்தால் இரண்டாம் வகுப்பின் பாட்டு அதில் மூழ்கிவிடும். தட்டிக்கு இந்தப் பக்கம் இருக்கிற பிள்ளைகள் அந்தப் பக்கத்துப் பாடத்தையும் சேர்த்துக் கேட்டுவிடுவதால், பாதிப் பேர் மேல் வகுப்புக்குப் போகும்போதே அந்த வகுப்பை முடித்திருந்தார்கள். இதை என் நிர்வாகத் திறமை என்று ஆய்வாளர்கள் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். வேப்ப மரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டுதான் மணி. தெருவில் உலை வைப்பதும் சாப்பாடு கட்டுவதும் அந்த மணியைக் கேட்டுத்தான். எனக்கு ஒரு நாள் பத்து நிமிடம் தாமதமானால் தெருவுக்கே பத்து நிமிடம் பசி தாமதமாகும். பதிவேடுகள் மொத்தம் பதினான்கு. அவற்றில் ஒன்று, மற்ற பதின்மூன்றும் இருக்கின்றன என்பதற்கான பதிவேடு. தலைமை ஆசிரியரின் வேலையில் பெரும்பகுதி எழுதிக்கொண்டிருப்பது. மீதி, யாராவது வரும்போது எழுதிக்கொண்டிருப்பது.

அந்தப் பதினான்கில் உண்மையில் கனமானது சேர்க்கைப் பதிவேடுதான். அதில் ஒரு பிள்ளையின் பிறந்த தேதியை எழுதிவிட்டால் அது சாகும்வரை கூட வரும். அந்தத் தேதியை யார் கொடுப்பது? நம் பக்கத்தில் தலைமை ஆசிரியர்தான் கொடுப்பார். ஜாதகம் இருக்கிற வீட்டில் அதைக் கேட்போம். மற்ற வீட்டுப் பிள்ளையை நிறுத்தி, வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொடச் சொல்வோம். தொட்டால் ஐந்து வயது. தொடவில்லையென்றால் அடுத்த வருடம் வா. தொட்ட பிள்ளைக்கெல்லாம் ஜூன் ஒன்றாம் தேதி என்று எழுதுவோம். எனக்கு முன்னால் இருந்தவர் அப்படித்தான் எழுதினார். எழுத எளிது, அடித்தல் திருத்தல் வராது, கணக்குப் போடவும் வசதி. இந்த வடகரையில் என் கையால் ஜூன் ஒன்றில் பிறந்தவர்கள் சில நூறு பேர் இருப்பார்கள். இவர்களெல்லாம் வேலைக்குப் போய் ஒரே நாளில் ஓய்வு பெறும்போது மதுரை எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு நான் இருக்க மாட்டேன் என்பது ஒரு ஆறுதல்.

உனக்கு மூன்று வயது எட்டு மாதம் ஆகியிருந்த ஜூனில் பேச்சியம்மாள் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பேச்சியம்மாளை உனக்குத் தெரியும், இன்றைக்கும் நமக்குப் பால் ஊற்றுகிறவள். அலங்காநல்லூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். மழை பொய்த்து, நிலத்தை அண்ணன் தம்பிகளிடம் விட்டுவிட்டுப் பிழைப்புக்கு இங்கே வந்தவர்கள். கணவன் மாட்டுத்தாவணிச் சந்தையில் மாட்டுத் தரகு. இவள் இரண்டு எருமை வைத்து நம் தெருவுக்கே பால் கொடுத்தாள். மகள் பெயர் மயில். குச்சி மாதிரி இருந்தாள். கையை வளைத்தேன். விரல் உச்சந்தலையைத் தாண்டவில்லை.

“அஞ்சு முடிஞ்சிருச்சு சார்” என்றாள் பேச்சியம்மாள்.

“கை சொல்லலியேம்மா” என்றேன்.

“கை என்ன சொல்லும் சார். பெத்தவ நான்ல சொல்றேன்.”

“சட்டம் ஒண்ணு இருக்குல்ல. அடுத்த வருசம் கூட்டியாங்க.”

அப்படி ஒரு சட்டம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அன்றைக்குப் பள்ளியில் நூற்று இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். வசதியாக இருக்கும்போது சட்டம் பார்ப்பது எளிது. அவள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனாள். மறுநாள் காலையும் நம் வீட்டுக்குப் பால் வந்தது. அளவில் குறை இல்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு குடும்பம் விருதுநகருக்குக் குடிபோனது. போகும்போது மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பெற்றவர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்றாலும், எண்ணிக்கை தொண்ணூற்று ஒன்பதாகிவிட்டது. நூறு இருந்தால்தான் ஐந்தாவது ஆசிரியருக்கு இடம். ஒன்று குறைந்தால், கடைசியாகச் சேர்ந்தவர் வெளியே. கடைசியாகச் சேர்ந்தவர் ராஜாமணி டீச்சர். ஒண்ணாம் வகுப்பு அவர் கையில். அப்பா இல்லை, படிக்கிற தங்கைகள் இரண்டு பேர், வருகிற சம்பளத்தில்தான் வீடு. உதவி பெறும் பள்ளியில் இடம் போனால் அரசாங்கம் வேறு இடம் தேடித் தராது. அதைவிட முக்கியம், எங்கள் ஐந்து பேரில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். மற்ற நால்வருக்கும் அனுபவம் இருந்தது. அடுத்த வாரம் பள்ளித் துணை ஆய்வாளர், எல்லோருக்கும் அவர் டி.ஐ., தலை எண்ண வருகிறார் என்று கடிதம் வந்தது.

மயிலை நினைக்கவில்லையா என்று கேட்பாய். நினைத்தேன். ஆனால் வராதே என்று சொன்ன வாயால் வா என்று சொன்னால் என் மரியாதை என்ன ஆவது என்றும் நினைத்தேன். அந்த வயதில் மரியாதை எனக்கு ஒரு உடல் உறுப்பு மாதிரி, அதற்கு ஒரு கீறல் விழுந்தால் வைத்தியம் கிடையாது என்று நம்பினேன். எனவே எளிதான வழியில் போனேன். வீட்டுக் கூடத்தில் உன்னை நிறுத்திக் காதைத் தொடச் சொன்னேன். பேச்சியம்மாளின் பாலைக் குடித்து நீ வயதுக்கு மீறி வளர்ந்திருந்தாய். அப்படியும் எட்டவில்லை. பிறகு நீயே ஒரு வழி கண்டுபிடித்தாய். தலையைத் தோள் பக்கம் நன்றாகச் சாய்த்தாய். விரல் காதைத் தொட்டது. சாய்த்ததை நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டேன். மறுநாள் பதிவேட்டில் உன் பெயரை எழுதி, ஜூன் ஒன்று என்று போட்டு, ஒன்றேகால் வருடத்துக்கு மேல் கூட்டி வைத்தேன். உன் அம்மா மட்டும், “ஊர்ப் பிள்ளைகளுக்கு வயசு குடுத்தது பத்தாதுன்னு இப்ப பெத்த பிள்ளைக்குமா” என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

உனக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் யார் கேட்டாலும் அஞ்சு என்று சொல்ல வேண்டும். அங்கே என்னை அப்பா என்று கூப்பிடக் கூடாது, ஹெட்மாஸ்டர். நீ இரண்டையும் மிகச் சரியாகக் கற்றுக்கொண்டாய். நான் கற்றுக்கொடுத்த பாடங்களில் இவ்வளவு சீக்கிரம் பலித்தது வேறு இல்லை.

டி.ஐ. குடையோடு வந்தார். சாதுவான மனிதர், வெற்றிலை போடுவார். பென்சிலால் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். நூறு. ராஜாமணி டீச்சர் சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். நூறாவது தலை உன்னுடையது, முதல் வரிசை ஓரம். அவர் குனிந்தார்.

“பாப்பாவுக்கு எத்தன வயசு?”

நீ யோசித்தாய். “வீட்லயா, இங்கயா?”

“ரெண்டும் சொல்லேன்.”

“வீட்ல மூணு. இங்க அஞ்சு.”

தட்டிக்கு அந்தப் பக்கம் வாய்ப்பாடு நின்றுவிட்டது.

“அப்படின்னு யாரு சொன்னா?”

“ஹெட்மாஸ்டர்” என்றாய். அவர் புரியாமல் பார்க்கவும், உதவி செய்கிற மாதிரி, “வீட்ல அப்பா. இங்க ஹெட்மாஸ்டர்” என்று விளக்கினாய்.

அவர் சத்தம் போடவில்லை. என் மேசைக்கு வந்து உட்கார்ந்து, சிவப்பு மை இருக்கிறதா என்று கேட்டார். பேனாவை என் பக்கமே தள்ளினார். “நீங்களே போடுங்க. கோணாமப் போடுங்க.” ஸ்கேல் வைத்துப் போட்டேன். “தொண்ணூத்தொம்பது. மாசக் கடைசியில மறுபடி வாரேன். நூறு இருந்தா டீச்சர் இருப்பாங்க. ஆனா நூறுக்கும் வீட்லயும் இங்கயும் ஒரே வயசா இருக்கணும்.” குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மேலிடத்துக்கு அவர் ஏன் எழுதவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவருடைய பிறந்த தேதியும் ஜூன் ஒன்றாக இருந்திருக்கலாம்.

பள்ளி விட்டதும் ராஜாமணி டீச்சர் என் மேசைக்கு வந்தார். நன்றி சொல்வார் என்றோ அழுவார் என்றோ எதிர்பார்த்தேன். “சார், ஒண்ணாங்கிளாசுக்கு எம் வேலைக்காகப் பிள்ளை சேக்குறதா இருந்தா எங்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்” என்றார். பிறகு, “பேச்சியம்மா மகளுக்கு அஞ்சு ஆயிருச்சு சார். அன்னைக்கு வாசல்ல சிரிச்சுச்சு. முன் பல்லு விழுந்திருக்கு. நீங்க கையப் பாத்தீங்க, நான் வாயப் பாத்தேன்” என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் ஆற்றங்கரையில் இருந்த மாட்டுக் கொட்டகைக்குப் போனேன். பேச்சியம்மாள் எருமைக்குக் கீழே உட்கார்ந்து கறந்துகொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

“வாங்க சார். பால்ல தண்ணி இருக்கா?”

“அதெல்லாம் இல்ல. மயில் விசயமா வந்தேன்.”

“ஏன், ஒரு மாசத்துல கை நீண்டுருச்சா?”

“பள்ளிக்கூடத்துல ஒரு பிள்ளை குறையுதும்மா. இல்லன்னா ஒரு டீச்சருக்கு வேலை போயிரும்” என்றேன்.

“ஓகோ. அப்ப எம்மவ வேணாம். ஒரு தலைதான் வேணும்.”

“ரெண்டுந்தான்.”

அந்த மாதத்தில் நான் சொன்ன முதல் உண்மை அதுதான் என்று நினைக்கிறேன். அவளுக்கும் அப்படிப் பட்டிருக்க வேண்டும். செம்பை எடுத்து வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். “சரி, சேத்துக்கங்க. என்ன தேதி போடுவீக? அதே ஜூன் ஒண்ணா?”

“நீங்க சொல்லுங்க. என்னைக்குப் பொறந்தா?”

“இத அன்னைக்கே கேப்பீகன்னுதான் சார் வந்தேன். வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கிட்டு வந்தேன். நீங்க பிள்ளை கையத் தூக்கித் தலையில வச்சுட்டீக.” பிறகு சொன்னாள். பொங்கலுக்குப் பிறந்த ஊருக்குப் போயிருக்கிறாள். தை மூன்றாம் நாள் அலங்காநல்லூர் மாடு பிடிக்குக் காளையைப் பிடித்துக்கொண்டு கணவன் போனான். காளை மட்டும் அன்றைக்கே வீடு வந்து சேர்ந்துவிட்டது. “இவுக அப்பன் மறுநாத்தான் வந்தாரு. எங்கடி தண்ணின்னு கேட்டுக்கிட்டே வந்தாரு. வந்து பாத்தா விடியக்கால பொறந்த புள்ள கெடக்கு.”

“எந்த வருசம்?”

“ஒங்க பள்ளிக்கூடத்துக்கு ஓடு மாத்துனீகள்ல, அதுக்கு அடுத்து வந்த தையி. மார்கழி முச்சூடும் நாந்தான் ஓடு சொமந்தேன். தலையில பன்னண்டு ஓடு, வயித்துல இவ. நீங்ககூட ஒரு நா, பாத்து ஏறும்மா, பிள்ளத்தாச்சின்னு சொன்னீக. மறந்துட்டீக போல.”

மறந்துதான் போயிருந்தேன். மறுநாள் பழைய பள்ளிக் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். சந்தேகத்தால் அல்ல, பழக்கத்தால். ஓடு மாற்றும் பணி இன்று முடிந்தது, கூலியாட்கள் நால்வர் என்று என் கையெழுத்திலேயே இருந்தது. வயிற்றில் இருந்தவளையும் எண்ணினால், அன்றைக்கும் நான் ஒரு தலை குறைத்துத்தான் எழுதியிருக்கிறேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் மயிலுக்கு ஐந்து முடிந்து ஐந்து மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. நாங்கள் உட்கார்ந்திருந்த கூரையைப் போட்டவளின் பிள்ளைக்கு அந்தக் கூரைக்கடியில் இடம் இல்லை என்று சொல்லியிருக்கிறேன். தை நான்காம் நாளுக்கு உரிய ஆங்கிலத் தேதியைப் பஞ்சாங்கத்தில் பார்த்து எழுதினேன். மேலேயும் கீழேயும் ஜூன் ஒன்றாக இருந்த அந்தப் பக்கத்தில் அது ஒன்று மட்டும், யாரோ உண்மையாகவே பிறந்த மாதிரி இருந்தது.

மாதக் கடைசியில் டி.ஐ. வந்தார். நூறாவது தலையிடம் வயது கேட்டார். “அஞ்சு” என்றாள் மயில். “வீட்ல?” என்றார். “வீட்லயும் அஞ்சுதான். ஏன்?” என்றாள், முன் பல் இல்லாமல். அவர் கையெழுத்துப் போட்டார். ராஜாமணி டீச்சர் இருந்தார். இரண்டு வருடம் கழித்து நீ உன் சொந்த வயதோடு சேர்ந்தபோது உனக்கு அ, ஆ எழுதிக் கொடுத்தவர் அவர்தான். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்தவரும் அவர்தான். இப்போது கே.கே. நகர் ஆங்கிலப் பள்ளியிலிருந்து வேன் வந்து நம் தெருக் குழந்தைகளைக் கழுத்துப்பட்டை கட்டி அள்ளிக்கொண்டு போகிற காலத்திலும் அங்கே நூறு குறையவில்லை. போன வாரம் நான் போய் என்ன உபாயம் என்று கேட்டேன். “வீடு வீடாப் போறேன் சார், ஒரு தடவை வேண்டாம்னா மறுபடியும் போறேன்” என்றார். இவ்வளவு எளிதான உபாயம் எனக்கு ஏன் தோன்றவில்லை என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் முன்பே எழுதிவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் காதைத் தொடச் சொல்லவில்லை. பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு, என்றைக்குப் பிறந்தது என்று கேட்பேன். சேர்க்கை அன்று வரிசை நகராது. காலையில் முடிகிற வேலை பிற்பகல் வரை இழுக்கும். வைகைத் தண்ணீர் பாலத்தைத் தொட்ட அன்றைக்கு என்பாள் ஒருத்தி. எங்கள் சந்துக்கு முதல் தெருவிளக்கு எரிந்த அன்று என்பாள் இன்னொருத்தி. மீனாட்சி கல்யாணத்துக்குப் போக முடியாமல் படுத்துக் கிடந்த நாள் என்பாள் மற்றவள். எந்த வீட்டிலும் தேதி இல்லாமல் ஒரு பிள்ளை பிறந்திருக்கவில்லை. கேட்கத்தான் ஆள் இல்லாமல் இருந்தது. ஒரு தகப்பன் மட்டும் ஜூன் ஒன்று என்றான். அது நிஜம் என்று என்னை நம்பவைக்க அவனுக்கு அரை மணி நேரம் ஆனது.

உனக்கு வேறு யோசனைகளும் வைத்திருந்தேன். கரும்பலகைக்குக் கரியும் கோவை இலையும் அரைத்துப் பூசுவது, சத்துணவு வரிசையில் கடைசிப் பிள்ளையிலிருந்து ஆரம்பிப்பது, மணியை நேரத்துக்கு அடிப்பது. அதெல்லாம் ஒரு வாரத்தில் நீயே கண்டுபிடித்துவிடுவாய். நீ தவறும் செய்வாய். செய்தால் மறுநாளே அந்த வீட்டு வாசலுக்குப் போய்விடு. நான் ஒரு மாதம் தள்ளிப் போனேன். அதற்குள் பொய் சொல்ல ஒரு குழந்தைக்குக் கற்றுக்கொடுத்துவிட்டேன். அந்தக் குழந்தை நீ. உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இவ்வளவு காகிதம் செலவழித்திருக்கிறேன். கேட்டுவிட்டேன் என்று வைத்துக்கொள்.

மயில் தையல் கடை வைத்திருப்பது உனக்குத் தெரியும். ஊராரின் கை நீளத்தை அளந்து பிழைக்கிறாள். அதில் எனக்கு ஏதாவது சேதி இருக்கிறதா என்று நான் விசாரிக்கவில்லை. திங்கட்கிழமை நீ போட்டுக்கொள்ளப் போகிற ரவிக்கை அவள் தைத்தது. கூலி வாங்க மாட்டேன் என்கிறாள், உன் அம்மா அவளோடு இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். இன்று காலை பால் ஊற்றும்போது பேச்சியம்மாள், “எங்க ஊருப் பக்கந்தான பாப்பா போகுது” என்று கேட்டாள். “பிள்ளையக் கொண்டாந்தா முதல்ல ஆத்தாள ஒக்காரச் சொல்லச் சொல்லுங்க சார். வெயில்ல நடந்து வந்திருப்பா” என்றாள். சொல்லிவிட்டேன்.

ஆறு மணிப் பேருந்தைப் பிடித்தால் மணி அடிப்பதற்கு முன்னால் போய்விடலாம். அந்த ஊரில் யாராவது உன் வயதைக் கேட்பார்கள், இவ்வளவு சின்னப் பெண்ணா டீச்சர் என்று. உனக்கு வீட்டில் இருபத்திரண்டு. அங்கேயும் இருபத்திரண்டு என்றே சொல்.

அப்பா